மரங்களின் வரவு செலவு

பூத்தவை எல்லாம் காய்ப்பதில்லை, காய்த்தவை எல்லாம் கனிவதில்லை என்பது நம் பாட்டிமார் அடிக்கடி கூறும் சொல். வாழ்க்கையில் ஏமாற்றம் நேரும்போது ஆறுதலுக்காகச் சொல்லப்படும் அச்சொல்லில், தாவரவியலார் நெடுங்காலம் ஆராய்ந்து கண்ட உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது.

மாசி, பங்குனி மாதங்களில் மாமரம் பூத்துக் குலுங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். ஒரு பூங்கொத்தில் மட்டும் 1,000 முதல் 6,000 வரை பூக்கள் இருக்கும். ஆயினும் ஆனி மாதத்தில் அக்கொத்தில் எஞ்சுவன ஒன்றோ இரண்டோ கனிகளே. பல கொத்துகளில் ஒன்றும் இராது. இவ்வளவு பூவை மரம் ஏன் பூக்கவேண்டும்? பூத்தபின் அவற்றை ஏன் உதிர்க்கவேண்டும்? வீட்டு வாயிலில் ஒற்றை மாமரம் வைத்திருப்பவரும், மாடி முகப்பில் தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பவரும் ஆண்டுதோறும் இக்கேள்வியைக் கேட்கின்றனர். பிஞ்சு உதிரும்போது மரத்துக்கு ஏதோ நோய் என்று அஞ்சுகின்றனர். சிலர் எருவை அள்ளிக் கொட்டுகின்றனர்; சிலர் வேளைக்கு வேளை நீரை ஊற்றுகின்றனர்.

பெரும்பாலும் அது நோயன்று, கணக்கு. வெளியூரில் மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நம் இல்லங்களில், வாடகைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு, ஊருக்கு அனுப்ப இவ்வளவு என்று வகுத்துக்கொள்கிறோம் அல்லவா? அத்தகைய வகுப்பு மரஞ்செடிகளுக்கும் உண்டு. எண்ணிப் பார்க்கும் மனம் அவற்றுக்கு இல்லை. ஆயினும் பல இலட்சம் ஆண்டுகளாக, கணக்குத் தவறிய செடிகள் வழித்தோன்றல் இன்றி அழிய, தவறாதவை நிலைத்தன. அந்த ஒழுங்கையே இன்று நாம் காண்கிறோம்.

வருவாய் எவ்வளவு?

செடியின் வருவாய் இரு வழிகளில் வருகிறது. இலைகள் வெயிலின் துணையால் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை ஆக்குகின்றன. வேர்கள் மண்ணிலிருந்து நீரையும், நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய உப்புகளையும் கொணர்கின்றன. இவ்விரண்டில் எது குறைந்தாலும் வருவாய் குறையும்.

செலவோ பலவகை. புது இலை வேண்டும். பழைய கிளை தடிக்கவேண்டும். வேர் ஆழ ஓடவேண்டும். பூச்சிகளை எதிர்க்கக் கசப்பும் பாலும் பிசினும் சுரக்கவேண்டும். இத்தனைக்கும் கொடுத்தபின் எஞ்சியதிலிருந்துதான் பூவும் காயும் விதையும். இன்றைய விளைச்சலுக்கு மிகுதியாகச் செலவிட்டால் நாளைய வளர்ச்சி குன்றும். வளர்ச்சிக்கே எல்லாம் கொடுத்தால் மரபு தொடராது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி செடிகளுக்கும் பொருந்துகிறது.

சில மரங்கள் அன்றன்றைய வருவாயைக் கொண்டு பூப்பன. சில, சேமிப்பை எடுத்துச் செலவிடுவன. வடநாட்டில் பலாஷ் என்று வழங்கும் புரசமரத்தைப் பாருங்கள். மாசி, பங்குனியில் ஓர் இலையும் இன்றித் தீப்பற்றியது போல் நிற்கும். இலை இல்லாத மரத்துக்கு அப்போது வருவாய் ஏது? முன் பருவத்தில் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவே அந்தச் செம்மை முழுவதற்கும் மூலதனம். முள்ளிலவு மரமும் அவ்வாறே. இலைகள் மறைக்காத பூக்களைப் பறவைகள் எளிதில் காணும் என்பதே அச்செலவில் கிடைக்கும் ஊதியம்.

மலிவான பூவும் விலையுயர்ந்த காயும்

ஒரு பூவை ஆக்குவதற்கு ஆகும் செலவு குறைவு. ஒரு கனியை வளர்த்து முடிப்பதற்கு ஆகும் செலவு மிக அதிகம். இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், செடிகளின் நடத்தை பலவும் விளங்கும்.

மகரந்தத்தை மட்டும் தரும் ஆண்பூ சில நாளில் வாடி உதிர்ந்துவிடும். பெண்பூவின் கடமையோ பூ வாடிய பின்னரே தொடங்குகிறது. எனவே இரண்டும் ஒரே செடியில் இருக்கும்போது, செடி அவற்றை வேறு வேறு அளவில் வைக்கிறது. மாமரத்தின் கொத்தில் ஆண்பூக்களும் இருபாற்பூக்களும் கலந்திருக்கும். பூசணி, சுரை, பாகல் முதலிய கொடிகளில் முதலில் வருவன பெரும்பாலும் ஆண்பூக்களே. பின்னரே, கொடி நன்கு படர்ந்து இலை பெருகிய பிறகு, அடியில் சிறு பிஞ்சுடன் பெண்பூக்கள் தோன்றும். பூத்தும் காய்க்கவில்லையே என்று கொடியைப் பிடுங்கி எறிவோர், இரண்டு வாரம் பொறுத்திருந்தால் அதன் காரணத்தைக் கண்கூடாகக் காண்பர்.

வாழை இதை மேலும் தெளிவாகக் காட்டும். குலை தள்ளும்போது முதலில் விரியும் மடல்களின் கீழுள்ளவை பெண்பூக்கள், அவையே சீப்புகளாகின்றன. அவற்றுக்குப்பின் விரியும் மடல்களின் கீழுள்ளவை ஆண்பூக்கள், அவை காய்ப்பதில்லை. எத்தனை சீப்பு என்பது குலை வெளிவருமுன்னரே தண்டினுள் முடிவாகிவிடுகிறது. அதுவரை செடி சேர்த்த பொருளுக்கு ஏற்பவே சீப்புகள் அமையும். விரலுக்குத் தக்க வீக்கம். கடைசிச் சீப்பு வந்தபின் தொங்கும் பூவை உழவர் ஒடித்துவிடுவர். பயனில்லாமல் நீளும் அந்த ஆண்பூவுக்குப் போகும் உணவு காய்களுக்குத் திரும்பும். குலையின் எடை கூடும். ஒடித்த பூ நம் வீட்டில் வாழைப்பூ உசிலியாகிறது. கல்கத்தாவில் அதையே மோச்சா என்று வங்காளியர் விரும்பிச் சமைக்கின்றனர். இரு நாட்டுச் சமையலறைகளும் ஒரே தாவரக் கணக்கின் மிச்சத்தால் பயன்பெறுகின்றன.

செலவைக் குறைப்பதில் கானாவாழை என்னும் களைச்செடி மிகவும் வல்லது. மழைக்காலத்தில் நாட்டின் எப்பகுதியிலும் வேலியோரத்தில் நீலப்பூவுடன் காணப்படும் இச்செடி, மண்ணுக்குள்ளும் பூக்கும். அந்தப் பூக்கள் விரிவதே இல்லை. வண்ண இதழ் வேண்டா. வண்டினை அழைக்க வேண்டா. மூடிய பூவுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் கருவுற்று விதை தரும். மேலே பூத்த பூ பிற செடியின் மகரந்தம் பெற்றுப் புதுக்குணமுள்ள விதை தரும். கீழே பூத்தது குறைந்த செலவில் உறுதியான விதை தரும். ஒன்றில் நம்பிக்கையும் மற்றொன்றில் காப்பும் வைத்து வாழ்கிறது அச்சிறு செடி.

பிஞ்சு உதிர்வது ஏன்?

ஒரு மரத்தால் 300 கனிகளையே வளர்க்க இயலும் என்று கொள்வோம். அது 300 பூக்களை மட்டும் பூத்தால் என்ன? ஏன் பல்லாயிரம் பூக்கவேண்டும்?

இதற்கு விடைகள் பல. முதலாவது, வருங்காலம் எப்படியிருக்கும் என்பதை மரம் முன்னறிய இயலாது. பூக்கும்போது பனி விழலாம். மழை பெய்து மகரந்தத்தைக் கழுவலாம். ஈக்களும் தேனீக்களும் வராமற் போகலாம். பூவை மிகுதியாகப் பூத்து வைத்தால், நல்ல ஆண்டில் அதற்கேற்பக் காய்க்கலாம். தீய ஆண்டில் உதிர்த்துவிடலாம். பூவின் செலவு சிறிதாதலால், அந்த இழப்பு பெரிதன்று.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. பிஞ்சுகள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. சில நன்கு கருவுற்றவை; சிலவற்றில் விதை குறைவு; சிலவற்றைப் பூச்சி துளைத்திருக்கும். மரம் உதிர்ப்பவற்றுள் பெரும்பகுதி இத்தகைய குறையுள்ள பிஞ்சுகளே. மூன்றாவது, கனியாகாத பூவும் வீணன்று. அதன் மகரந்தத்தை ஒரு வண்டு வேறு மரத்துக்குக் கொண்டுசென்றிருக்குமாயின், அப்பூ அங்கே தந்தையாகிவிட்டது. தாய்மரத்தின் கீழ் உதிர்ந்து கிடப்பதை மட்டும் எண்ணி அதன் பயனை அளக்கலாகாது.

தென்னையில் இதனை ஆண்டு முழுவதும் காணலாம். நல்ல தென்னை மாதத்துக்கு ஒரு பாளை விடும். பாளை வெடித்துச் சில வாரங்களில் குரும்பைகள் உதிரத் தொடங்கும். பாதிக்கு மேல் உதிர்வது இயல்பே. எஞ்சிய காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். இன்று வெடிக்கும் பாளையோ, குருத்தின் உள்ளே இரண்டாண்டுகளுக்கு முன்னரே உருவாகத் தொடங்கியது. ஆகவே ஓராண்டு மழை பொய்த்தால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தென்னையின் காய்ப்புக் குறையும். ஊரில் தோப்பு வைத்திருக்கும் உறவினர், நல்ல மழை பெய்த ஆண்டில்கூடத் தேங்காய் இல்லை என்று எழுதினால் ஐயுறவேண்டா. அவர்கள் முன்னாளைய வறட்சியின் கடனை இப்போது அடைத்துக்கொண்டிருக்கின்றனர்.

கருவுற்ற பின்னரே கட்டுச்சோறு

பிள்ளை வேலைக்காக வெளியூர் புறப்படும்போது தாய் கட்டுச்சோறு கட்டித் தருவாள். விதைக்கும் தாய்ச்செடி அவ்வாறே உணவு வைத்து அனுப்புகிறது. அரிசியின் மாவு, கோதுமையின் மாவு, தேங்காயின் பருப்பும் நீரும் ஆகிய யாவும், முளைக்கப்போகும் குழந்தைக்காகத் தாய் வைத்த சோறே. தாவரவியலார் இதனை முளைசூழ்தசை என்பர். முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே தேங்காய்ப்பூ என்று ஒன்று திரண்டிருக்கும். குழந்தைகள் விரும்பித் தின்பர். அது இளந்தென்னை தன் கட்டுச்சோற்றை உறிஞ்சுவதற்காக வளர்த்த உறுப்பு.

இச்சோற்றை எப்போது கட்டுவது என்பதில்தான் பூக்கும் செடிகளின் சிக்கனம் விளங்குகிறது. தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் சைக்கஸ் என்னும் செடி பனைபோல் தோன்றும். ஆனால் அது பூக்கும் இனத்தைச் சேர்ந்ததன்று. அதன் சூல், கருவுறுவதற்கு முன்னரே பருத்து உணவைச் சேர்த்துக்கொள்ளும். பின்னர் மகரந்தம் வாராவிடின் அவ்வளவும் வீண். விருந்தாளி வருவார் என்ற உறுதி இல்லாமலே சமைத்து வைத்தது போலாகும்.

பூக்கும் செடிகள் அப்படிச் செய்வதில்லை. மகரந்தக் குழல் சூலினுள் இரண்டு ஆணணுக்களைக் கொண்டு செல்கிறது. ஒன்று முட்டையுடன் கூடிக் கருவாகிறது. மற்றொன்று வேறோர் அணுவுடன் கூடி முளைசூழ்தசையைத் தோற்றுவிக்கிறது. கரு உண்டானால்தான் உணவும் உண்டாகத் தொடங்கும். இவ்விரட்டைக் கருவுறுதலை 1898-இல் நவாசின் என்னும் உருசிய அறிஞர் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு பிரான்சு நாட்டுக் கினார்டும் அதனைத் தம் வழியில் கண்டார்.

விதையினுள் நடப்பதை ஆராயும் இத்துறையில் நம் நாட்டுக்குத் தனிச்சிறப்பு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராயிருந்த பஞ்சானன் மகேசுவரி, 1950-இல் வெளியிட்ட பூக்குந் தாவரங்களின் கருவியல் நூல், உலக முழுவதும் மாணவர்க்குப் பாடநூலாக விளங்கியது. தில்லியில் வாழும் நம் பிள்ளைகள் அப்பல்கலைக்கழகத்தின் வழியே செல்லும்போது இதனை நினைவுகூரலாம்.

எவ்வளவு சோறு கட்டுவது என்பது மற்றொரு கேள்வி. தென்னை சில காய்களுக்கே பொருளைக் கொட்டிக் கொடுக்கிறது. அவை கடல்நீரில் மிதந்து, வறண்ட மணலில் ஒதுங்கியும் முளைக்கும். ஆர்க்கிட் என்னும் மரவொட்டிச் செடிகள் தூசி போன்ற விதைகளை இலட்சக்கணக்கில் விடுகின்றன. அவற்றுக்குக் கட்டுச்சோறு இல்லை. ஏதேனும் பூஞ்சைக் காளான் துணை செய்தால்தான் முளைக்கும், பெரும்பாலானவை மடியும். சிலருக்கு நிறையக் கொடுப்பதா, பலருக்குச் சிறிது கொடுப்பதா என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. போகும் இடத்தைப் பொறுத்தது அது.

உடன்பிறந்தாரிடையே போட்டி

தில்லியில் ராஜபாதை என்று நெடுங்காலம் வழங்கி, 2022-இல் கர்த்தவ்யபாதை எனப் பெயர் மாற்றம் பெற்ற பெருஞ்சாலையின் இருமருங்கிலும் நாவல் மரங்கள் நிற்கின்றன. ஆனி, ஆடியில் கீழே விழும் நாவற்பழத்தில் ஒரே ஒரு கொட்டைதான் இருக்கும். ஆனால் அதன் பூவைப் பிளந்து உருப்பெருக்கியால் நோக்கினால், சூலகத்தில் இருபதுக்கு மேற்பட்ட சூல்கள் காணப்படும். மற்றவை என்னவாயின?

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர் கணேசய்யாவும் உமா சாங்கரும் இக்கேள்வியை ஆராய்ந்தனர். வடவர் ஷீஷம் என்று வழங்கும் மரம் நம் ஈட்டிமரத்துக்கு நெருங்கிய உறவு. மேசை நாற்காலிக்குப் பேர்போன அதன் மரத்தை அறிவோம். அதன் தட்டையான காயைப் பலர் கவனித்திரார். அக்காயில் சூல்கள் நான்கைந்து இருந்தாலும், பெரும்பாலும் ஒரு விதையே முற்றுகிறது. முதலில் கருவுறும் விதை, சூல்முடிக்கு அருகிலுள்ளது. அது தன் உடன்பிறப்புகளுக்கு உணவு செல்லாதபடி அடக்கும் வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று 1988-இல் அவர்கள் எழுதினர். பின்னர் நாவலிலும் இத்தகைய அடக்கு முறையைக் கண்டனர்.

இது கொடுமையாகத் தோன்றலாம். இதன் உட்பொருளை அமெரிக்க அறிஞர் ராபர்ட் டிரிவர்சு 1974-இல் தெளிவாக்கினார். தாய்க்கு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றே. ஆகவே பகிர்ந்து கொடுக்க விரும்பும். பிள்ளைக்கோ தன் பங்கே பெரிது. ஆகவே தாய் தர எண்ணுவதைவிட மிகுதியாகக் கேட்கும். இப்பூசல் உயிருலகில் எங்கும் உண்டு. ஷீஷத்தின் காய் காற்றில் பறந்து செல்வது. ஒற்றை விதையுள்ள காய் எடை குறைந்ததாதலால் தொலைவு செல்லும். ஒரு காய்க்கு ஒரு விதை என்பது அவ்விதைக்கு நன்மை. தாய்க்கோ, ஒரு விதைக்காக ஒரு முழுக்காயின் தோலைச் செய்ய நேர்வதால் செலவு கூடுகிறது. காயின் இறுதி அமைப்பு, தாயின் விருப்பமும் சேயின் வேட்கையும் இழுபறியில் நின்ற இடமாகும்.

மக்கள் இல்லறத்துக்கு இதனை நீதியாகக் கொள்ளவேண்டா. செடிக்குப் பேசித் தீர்க்கும் நா இல்லை, நமக்கு உண்டு.

ஓராண்டு விட்டு ஓராண்டு

லக்னோவைச் சூழ்ந்த மாந்தோப்புக்காரர்கள் ஓராண்டு சிரிப்பர். மறு ஆண்டு முகம் வாடுவர். அப்பகுதியில் பெயர்பெற்ற தசேரி முதலிய வடநாட்டு மாவினங்கள், ஓராண்டு மிகுதியாகக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும் இயல்பின. காய்கள் நிறைந்த ஆண்டில் மரத்தின் மாச்சேமிப்பு வற்றுகிறது. மேலும், வளரும் விதைகளிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிப் பொருள்கள், அடுத்த பருவத்துக்கான பூமொட்டு அமைவதைத் தடுக்கின்றன. பூக்கவேண்டிய இளங்கிளைகளும் காலத்தில் முற்றுவதில்லை. எனவே அடுத்த ஆண்டு மரம் தழைக்கிறது; பூப்பதில்லை. இது மரத்துக்கு ஓய்வு. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவனுக்கோ கடன்.

இத்துயரைத் தீர்க்கத் தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் தெற்கே திரும்பிப் பார்த்தனர். நம் ஊர்ச் சந்தைகளில் பருவத்தின் கடைசியில் வரும் நீலம் மாம்பழம், ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பது. அந்நீலத்தைத் தசேரியுடன் கலந்து உண்டாக்கியவையே மல்லிகா, ஆம்ரபாலி என்னும் இனங்கள். இரண்டும் 1970-களில் வெளிவந்தன. ஆம்ரபாலி குட்டையாக நின்று, ஆண்டுதோறும் காய்க்கிறது; நெருக்கமாக நட ஏற்றது. தென்னாட்டின் ஒழுங்கும் வடநாட்டின் இனிமையும் கூடிய இப்பழத்தை வடக்கே நாம் விலைக்கு வாங்கி உண்ணும்போது, அதில் பாதி நம் ஊரது என்று மகிழ்வதில் தவறில்லை.

ஒருமுறையே பூத்து மடிவன

ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செலவிடாமல், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே முறை கொட்டிவிடும் செடிகளும் உண்டு. தாளிப்பனை பல பத்தாண்டுகள் வளர்ந்து, உச்சியில் பெருங்கொத்தாக ஒருமுறை பூத்து, காய்த்து, மடிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006-இலும் 2018-இலும் பூத்தது. இவ்வகையில் வியப்பும் அச்சமும் ஒருங்கே தருவது மூங்கில்.

மிசோரம் மலைகளில் மௌ என்று வழங்கும் மூங்கில், ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மலை மலையாக ஒன்றாகப் பூக்கிறது, காய்த்தபின் மடிகிறது. எல்லாம் ஒரே காலத்தில் ஏன்? 1976-இல் டேனியல் சான்சன் என்னும் அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஆண்டுதோறும் சிறிது விதைத்தால், எலியும் பறவையும் முழுவதையும் தின்றுவிடும். பல்லாண்டு பொறுத்து ஒரேயடியாகக் கொட்டினால், தின்பவை வயிறு புடைக்கத் தின்றும் எஞ்சியவை முளைக்கும். மூங்கிலுக்கு இது நல்ல கணக்கு.

அக்கணக்கின் மறுபுறத்தில் மனிதர் நிற்கின்றனர். மூங்கிற்காயைத் தின்ற எலிகள் பெருகுகின்றன. காய் தீர்ந்ததும் அவை வயல்களில் இறங்கி, நெல்லை ஓரிரவில் அழிக்கின்றன. மிசோ மக்கள் இப்பஞ்சத்தை மௌதாம் என்பர். மூங்கிற் சாவு என்பது அதன் பொருள். 1958, 1959-இல் மூங்கில் பூத்தபோது, வரப்போவதை அங்குள்ள முதியோர் முன்னரே அறிந்து கூறினர். மிசோ மலை அப்போது அசாமின் ஒரு மாவட்டம். போதிய உதவி உரிய காலத்தில் வரவில்லை. பசித்த மக்களுக்கு உதவத் தோன்றிய பஞ்ச நிவாரண இயக்கம் 1961-இல் மிசோ தேசிய முன்னணி என்னும் அரசியற் கட்சியாயிற்று. 1966-இல் கிளர்ச்சி வெடித்தது. 1986-இல் உடன்படிக்கை ஆகி, 1987-இல் மிசோரம் தனி மாநிலமாகும் வரை அமைதி இல்லை.

மீண்டும் 2006, 2007-இல் மூங்கில் பூத்தது. இம்முறை அரசு முன்கூட்டியே ஏற்பாடு செய்தது. எலிவாலைக் கொணர்வோர்க்குப் பணமும் கொடுத்தது. அப்போதும் உழவர் பலர் விளைச்சலை இழந்தனர். எனினும் முன்னைய துயரம் அதே அளவில் திரும்பவில்லை. ஒரு செடியின் வரவு செலவை அறிந்திருப்பதும் அறியாதிருப்பதும் ஒரு நாட்டின் அமைதியையே மாற்றக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வீட்டுத் தோட்டத்தாருக்குச் சில சொற்கள்

மேற்கூறியவற்றிலிருந்து, சிறு இடத்தில் செடி வளர்க்கும் நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை சில உண்டு.

ஒட்டுமாங்கன்று நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூத்தால், பூவைக் கிள்ளிவிடுக. சிறுவனை வேலைக்கு அனுப்பலாகாது. அவன் முதலில் வளரட்டும். தொட்டி எலுமிச்சையில் அளவுக்கு மிஞ்சிப் பிஞ்சு பிடித்தால், சிலவற்றை நாமே எடுத்துவிட்டால் எஞ்சியவை பருக்கும்.

மாமரம் பூக்குமுன் பனிக்காலத்தில் நீரை மிகுதியாக ஊற்றலாகாது. ஊற்றினால் தழைக்கும், பூக்காது. பிஞ்சு பிடித்தபின் நீர் குறையலாகாது. தழையெருவை அள்ளிக் கொட்டினால் செடி இலைக்கே செலவிடும், பூ குறையும். குண்டுமல்லியை ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழிக்கு முன்பின்னாகக் கத்தரித்து விடுக. புதுத் துளிரில் பூ மிகுந்து வரும்.

வெண்டை, அவரை, வெள்ளரி முதலியவற்றை இளங்காயாக இருக்கும்போதே பறித்துக்கொண்டிருக்கவேண்டும். ஒரு காயை முற்றவிட்டால், விதை முற்றிவிட்டது, கடமை முடிந்தது என்று செடி ஓயத் தொடங்கும். பறிக்கப் பறிக்க அது மீண்டும் பூக்கும்.

பிஞ்சு உதிர்ந்தால் உடனே கலங்கவேண்டா. உதிர்ந்த பிஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்க்கவும். பூச்சி துளைத்த துளையோ கருமையோ இருந்தால் மருந்து தேடலாம். தூய்மையாக, சிறியனவாக உதிர்ந்திருந்தால், மரம் தன் வருவாயை எண்ணிப் பார்த்து, தாங்கக்கூடியவற்றை மட்டும் வைத்துக்கொண்டது என்று அறிக. கோடை முடியுமுன் கிளையில் எஞ்சி நிற்கும் காய்களை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு அம்மரத்தால் முழுமையாக வளர்க்க இயலும் காய்கள் அத்தனையே.